நெஞ்சளவுக் கல்

முதலில் பார்த்தவன் சின்னுசாமிதான். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகும் அவனுடைய பொதிமாட்டின் குளம்பு, மழை ஈரத்தில் ஊறிய களிமண்ணில் இரண்டு விரற்கடை ஆழந்தான் பதிந்திருந்தது. பக்கத்திலேயே மேஸ்திரி அர்த்தனாரியின் செருப்புத் தடம். அது கணுக்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. வெறுங்கையோடு நடக்கிற மனுஷனின் தடம்.

"ஏனுங்க மேஸ்திரி, மடியில ஏதாச்சும் கனமா வெச்சிருக்கறீங்களா?"

"ஆமாண்டா, இந்த மலையவே தூக்கி மடியில வெச்சிருக்கறேன். பேசாம நட."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அர்த்தனாரிக்குக் கோபம் வந்துவிட்டது. சிலருக்கு அழவேண்டிய இடத்தில் சிரிப்பு வரும். இவனுக்குப் பயம் வரவேண்டிய இடத்திலெல்லாம் கோபந்தான் வரும். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் இருபது வருஷமாக ஆட்களை மேய்த்தான், கல் அடித்தான், துரைமார்களிடம் நல்ல பேர் வாங்கினான். ஒரு மாதமாகக் கால் கனக்கிறது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வாதமாக இருக்கும் என்று விளக்கெண்ணெய் தேய்த்துப் பார்த்தான். நேற்று வீட்டில் கட்டில் கால் முறிந்தபோதும் தச்சனைத்தான் திட்டினான்.

அவன் மலையேறியது ஒரு கல்லுக்காக.

சென்னைப் பட்டணத்தில் ஒரு பூங்கா. முன்பு அது வெறும் புல்தரையும் பாண்டு வாத்தியக்காரர்களுக்கு ஒரு மேடையுமாக இருந்தது. பிறகு குதிரைமேல் உட்கார்ந்த ஒரு தளபதியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு ஒரு மகாராணி. பிறகு எங்கேயோ தோற்றவனிடமிருந்து பிடுங்கிவந்த பீரங்கி ஒன்று. காலராவில் போன ஒரு கலெக்டருக்காக நீரூற்று. ஒரு துரைசானி தன் நாய் செத்ததற்கு முழங்கால் உயரத்தில் சலவைக்கல் நட்டு, அதில் நாயின் பேரையும் பிறந்த வருஷத்தையும் செத்த வருஷத்தையும் வெட்டச் சொன்னாள். அந்தக் கல்லையும் அர்த்தனாரிதான் ஏற்பாடு செய்துகொடுத்தான். நாய்க்குப் பேர் இருந்தது. படித்துப் பார்க்க நாலுபேர் நின்றார்கள்.

ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு, அதில் மாண்டவர்களுக்கும் அங்கே ஒரு சின்னம் எழுப்புவது என்று தீர்மானமாயிற்று. நடுவில் தூண். தூணின் நாலு பக்கமும் நாலு கருங்கல் பலகை. மழமழவென்று, ஒரே உயரத்தில், மார்பளவு இருக்கவேண்டும் என்றார் ஓவர்சியர் துரை. அப்படிப்பட்ட கல்லைப் பாறையிலிருந்து பிளந்து எடுத்தால் ஆறு மாதம் ஆகும். அர்த்தனாரிக்கு வேறொரு இடம் தெரியும்.

கொல்லிமலைமேல், குண்டனி நாட்டில், ஒரு சாமைக்காட்டின் வரப்போரம் ஐந்து கல் நின்றது. ஐந்தும் ஓடைக்கல். தண்ணீர் உருட்டித் தேய்த்த கறுப்பு. எல்லாம் மேற்கே வீடுகளைப் பார்த்து நின்றன. ஓர் எழுத்து கிடையாது.

அவை யார் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. சண்டைக்கு மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று துரைகள் கேட்டபோது, "ஆறே மாசம், கப்பல்ல போயி கப்பல்ல வந்துடலாம்" என்று சொல்லி அந்த ஐந்து பேரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்து உருட்டியவனே அவன்தான். ஐவரும் பஸ்ராவில் காய்ச்சலில் போனார்கள். காகிதம் மட்டும் வந்தது. உடம்பு வராத சாவுக்கு அந்த மலையில் ஒரு முறை உண்டு. பெண்டாட்டிக்காரி ஓடைக்குப் போய், புருஷனுடைய நெஞ்சுயரத்துக்கு ஒரு கல்லைத் தேடி எடுக்கவேண்டும். பங்காளிகள் வழியில் எங்கும் இறக்காமல் சுமந்துவந்து, முழங்கால் ஆழக் குழியில் நட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அவள் மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மூன்றாம் தரத்துக்கு, செத்தவனின் தாய்மாமன் கல்லுக்குப் பின்னால் நின்று, "வந்துட்டேன்" என்று பதில் கொடுப்பான். அத்தோடு அவன் வீடு வந்து சேர்ந்தான் என்று கணக்கு. பேரை வெட்டுகிற வழக்கம் இல்லை. யார் எந்தக் கல் என்று குழந்தைக்கும் தெரியும்.

போன கார்த்திகையில் அதில் நாலு கல்லைப் பிடுங்கினான். துரை கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டி, அதே ஊர் ஆண்களையே தோள் கொடுக்கவைத்துப் பிடுங்கினான். ஐந்தாவது கொஞ்சம் கோணல் என்று விட்டுவிட்டான். மாதனின் பெண்டாட்டி கண்ணாயி கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்ததும் இவன்தான்.

மாதனின் தாய்மாமன் அண்ணாமலை மூன்று முறை மலையிறங்கி ஆபீசுக்குப் போய் நின்றார். "கல்லுல பேரு எழுதியிருக்குதா?" என்று கேட்டார் குமாஸ்தா. இல்லை என்றார் அண்ணாமலை. "அப்ப உங்க கல்லுன்னு எப்படிச் சொல்றே?" என்று மனுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வயிறு எரியாமல் இதை எப்படிச் சொல்வது? பேரைக் கேட்ட அந்த ஆபீஸ்தான் அந்த ஐந்து பேரின் பேரை எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

பூங்காவில் மூன்று பலகையில் வெள்ளை ஆபீசர்களின் பேர் சுத்தமாக இறங்கியது. நாலாவது மாதனின் கல். அதில் எல்லாப் பேரும் வெட்டி முடித்து, கடைசியில் ஒரே ஒரு வரி பாக்கி. 'இவர்களுடன் மாண்ட கூலிகளும்' என்று அர்த்தமாம். அந்த வரியின் முதல் எழுத்தில் உளி பட்டதும் கல் மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்தது. ஓவர்சியர் துரை பூட்ஸ் காலால் ஒரு பாதியைத் தள்ளிப் பார்த்தார். உடைத்து நடைபாதையில் போடச் சொன்னார். ஜல்லியாக்கிப் போட்டார்கள். இப்போது அதன்மேல் ஆயாக்கள் குழந்தை வண்டி தள்ளுகிறார்கள்.

அன்றைக்குத்தான் அர்த்தனாரியின் கால் முதன்முதலாகக் கனத்தது. துரையும் மறுவாரம் கைத்தடி ஊன்றி வந்தார். 'ஐந்தாவது கல்லைக் கொண்டு வா, நானும் பின்னாலேயே வந்து பார்க்கிறேன்' என்று சொல்லி அனுப்பினார்.

பாதி மலையில் ஒரு சுனை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சின்னுசாமி நின்றான். அவன் கெண்டைக்காலில் ஏழெட்டு அட்டைகள் கடித்துத் தொங்கின. சுண்ணாம்பைத் தொட்டுத் தொட்டு உதிர்த்தான். ரத்தம் கோடாக வழிந்தது.

"உங்களுக்கு எத்தனைங்க?"

அர்த்தனாரி வேட்டியைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றுகூட இல்லை.

"நம்ம ரத்தம் அதுக்குக் கசக்குதோ என்னமோ" என்றான்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓர் அட்டை அவன் கால் கட்டைவிரலில் ஏறியது. வளைந்து, நிமிர்ந்து, வளைந்து, நிமிர்ந்து, புறங்காலைக் கடந்து, எங்கேயும் மூக்கை வைத்துப் பார்க்காமல் அந்தப் பக்கம் இறங்கி ஈரச் சருகுக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாடு உங்க பக்கத்துல வரமாட்டேங்குதுங்க" என்றான் சின்னுசாமி. "காலையிலிருந்தே பாக்கறேன்."

"அதுக்கும் உனக்கும் ஒரே புத்தி."

பாதை பிரியும் இடத்தில் சின்னுசாமி பெரக்கரை நாட்டுப் பக்கம் திரும்பவேண்டும். எப்போதும் 'போயிட்டு வாரனுங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவன், அன்றைக்கு "போறனுங்க" என்று மட்டும் சொன்னான். மாட்டை அடித்து ஓட்டினான். கழுத்து மணிச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு பனிமூட்டம் அதை மூடிவிட்டது.

பிற்பகல் இரண்டு மணிகூட ஆகியிருக்காது. ஆனால் மூட்டம் பலா மரங்களின் உச்சியிலிருந்து இறங்கி, மிளகுக்கொடிகளை மறைத்து, பாதையை முன்னால் பத்தடியும் பின்னால் பத்தடியுமாகச் சுருக்கிவிட்டிருந்தது. இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீர், எங்கேயோ அழுகிக் கிடக்கும் பலாப்பழத்தின் புளித்த வாடை, தூரத்தில் யார் வீட்டிலோ எரியும் பச்சை விறகின் புகை, இவை எல்லாவற்றுக்கும் அடியில், விடாமல், அரைத்த மஞ்சளின் வாசனை. அவன் தன் துண்டை முகர்ந்து பார்த்தான். கையை முகர்ந்தான். கையில்தான் இருந்தது.

காலையில் சோப்புப் போட்டுக் குளித்தவன் அவன்.

ஒவ்வோர் அடியும் தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். நாலு பேர் சுமந்துவந்து ஒரே நேரத்தில் கல்லைத் தரையில் இறக்கினால் அப்படித்தான் கேட்கும். நின்றான். சத்தமும் நின்றது. நடந்தான். தொப். தொப்.

மூச்சு வாங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். இவ்வளவு ஏற்றம் ஏறியவனுக்கு இரைக்கவேண்டும். நெஞ்சில் கைவைத்தான். துணிக்கு அடியில் ஜில்லென்றிருந்தது. உள்ளே ஏதோ அடித்தது. மெதுவாக, ரொம்ப ஆழத்தில் அடித்தது.

"எல்லாம் அந்தக் கிழவன் அண்ணாமலை வேலை" என்று உரக்கச் சொன்னான். "ஏதோ வெச்சுட்டான் எனக்கு. இருக்கட்டும், பாத்துக்கறேன்."

கோபம் வந்ததும் கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஒரு வேங்கை மரத்தடியில் நின்று வெற்றிலையை மடித்தான். ஊர் பக்கத்தில்தான் என்பதற்கு அடையாளமாக ஒரு செவலை நாய் மூட்டத்திலிருந்து வந்தது. குரைக்கவில்லை. அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்தது. முழங்காலை மோந்தது. பின்னங்காலைத் தூக்கி அவன்மேல் ஒன்றுக்கு இருந்துவிட்டு, நிதானமாகப் போயிற்று.

எட்டி உதைக்கவேண்டும் என்று நினைத்தான். கால் நினைத்தபடி எழவில்லை. நாய் போய் வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தது.

இப்போது திரும்பிவிடவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. இறக்கந்தானே, இருட்டுவதற்குள் காளப்பநாயக்கன்பட்டி போய்விடலாம். பெண்டாட்டி பாவாயி கொள்ளுக் கடைந்து வைத்திருப்பாள். உடம்பை எப்படியாவது கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். துரையிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைத்துத்தான் உடம்பைத் திருப்பினான். கால் திரும்பவில்லை. மேட்டைப் பார்த்தே ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. வண்டிமாடு தானாக வீட்டுக்குப் போவதுபோல அவன் கால்கள் சாமைக்காட்டை நோக்கி நடந்தன.

வரப்பில் மூன்று பேர் இருந்தார்கள். அண்ணாமலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். கண்ணாயி நின்றாள். பிடுங்கிய நாலு கல்லில் இன்னொன்றுக்கு உரிய பொன்னனின் பெண்டாட்டி ராமாயி நின்றாள். ஆளுக்கொரு மண்குடம். எத்தனை நேரமாகக் காத்திருக்கிறார்களோ, தலையெல்லாம் பனித்துளி பூத்திருந்தது.

அவர்களுக்குப் பின்னால் ஐந்தாவது கல் மட்டும் கோணலாக நின்றது. அதற்குப் பக்கத்தில் வரிசையாக நாலு குழி. போன வருஷக் குழிகள். சரியாமல் இருக்க யாரோ செதுக்கி, சுத்தமாக வைத்திருந்தார்கள்.

"வாங்க மேஸ்திரி" என்றாள் கண்ணாயி. "இன்னிக்கி வருவீங்கன்னு தெரியும்ங்க."

"எப்படித் தெரியும்?"

"இன்னிக்கிக் கார்த்திகை அமாவாசைங்க. வருசம் திரும்புது."

அவன் இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினான். "இங்க பாரு, துரை கையெழுத்து. இந்தக் கல்லும் போகோணும். ஆளுகளக் கூப்புடு. அழுவறது, கட்டிப்புடிக்கறது ஒண்ணும் வேண்டாம்."

"அழுவல சாமி. நான் எதுக்கு அழுவறேன்?"

சாமி என்று அவள் சொன்னவிதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவள் முகத்தில் துக்கம் என்று ஒன்றுமே இல்லை. ஒரு வருஷமாக ஊதி ஊதி வைத்த கோபம் இருந்தது. அவனுடைய கோபமெல்லாம் வாயோடு வருவது. இவளுடையது அப்படி இல்லை.

"எம்பட ஆளு கல்லு எங்கீங்க?"

"பட்டணத்துல. பார்க்குல. ராஜா மாதிரி நிக்கறான் உன் புருசன்."

"பொய்."

"ஏய்!"

"ஒடச்சுப்போட்டீங்க. எனக்குத் தெரியும். போன மாசம் ஒரு நா, கல்லு இருந்த குழியில ராவிடிய தண்ணி ஊறுச்சு. அள்ளிக் குடிச்சுப் பாத்தேன். உப்பு." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "இருந்த எடத்தையும் புடுங்கி, போன எடத்துலயும் ஒடச்சா, அவன் எங்கதாங்க போவான்? ஏறிக்க ஒரு ஆளு வேணுமில்ல?"

கையை ஓங்கிக்கொண்டு அவளை நோக்கிப் பாய்ந்தான். அவள் ஒதுங்கிக்கொண்டாள். இரண்டே எட்டுத்தான். மூன்றாவது எட்டு தரையில் படவில்லை.

குழி.

முழங்கால்வரை இறங்கிவிட்டது. தடுக்கி விழவேண்டியவன் விழவில்லை. நேராக நின்றான். அடுத்த கால், அவன் வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க, தானாக வரப்பைவிட்டு இறங்கி முதல் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. குழி இரண்டு காலுக்கும் அளவெடுத்தது போல இருந்தது.

"தூக்குங்க! ஏய் கெழவா, கையக் குடு!"

அண்ணாமலை எழுந்துவந்தார். கை கொடுக்கவில்லை. வரப்பில் மண்டியிட்டு, குழி விளிம்பிலிருந்து சாண் போட்டு அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அவன் தலைப்பாகையில் வந்து முடிந்தது.

"மாதன் நெஞ்சளவு" என்றார். "செரியா இருக்குது, கண்ணு."

சரியாக எப்படி இருக்கும்? முழங்கால் ஆழந்தானே குழி? மண்ணுக்குமேல் எப்படி நாலே சாண்? அர்த்தனாரி கீழே பார்த்தான். வேட்டி மண்ணில் சுருண்டு கிடந்தது. இடுப்புவரை உள்ளே போயிருந்தான்.

"உட்டுருங்க. தெரியாம செஞ்சுபோட்டேன். வேற கல்லு தாரேன். நானே சொமந்து வாரேன். பேரு வெட்டித் தாரேன் அம்மா, பெருசா, நல்லா..."

"பேரு எங்களுக்குத் தெரியும்ங்க" என்றாள் கண்ணாயி.

மண்ணைத் தள்ளினார்கள். மூன்று பேரும் காலால் மிதித்து இறுக்கினார்கள். நோகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையைத் தூக்கித் தள்ளப் பார்த்தான். கை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே கை முடிகிறது, எங்கே இடுப்பு தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. குளிரவில்லை. கண்ணுக்குள் போனது. எரியவில்லை. கண்ணை மூடவும் முடியவில்லை.

முன்னால் ஒரு கை பச்சரிசி. ஒரு வெற்றிலை.

"மாமா, பின்னாடி போயி நில்லுங்க" என்றாள் ராமாயி. "பதிலு சொல்லோணுமில்ல?"

அண்ணாமலை நகரவில்லை. "நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார். "அவனே சொல்லுவான்."

கண்ணாயி கூப்பிட்டாள். "மாதா!"

அர்த்தனாரியின் வாயில் உப்பு.

"மாதா!"

வெயில். எங்கே பார்த்தாலும் மணல். முதுகில் மூட்டை. காய்ச்சல். யாரோ சாட்டையால் அடிக்கிறார்கள். தண்ணீர். யாரும் தரவில்லை. ஒரு கட்டைவிரல், அதைப் பிடித்து மையில் உருட்டும் ஒரு கை. அந்தக் கையை அவனுக்குத் தெரியும். ஆறே மாசம் என்கிறது ஒரு குரல். அந்தக் குரலும் தெரியும்.

இல்லை. நான் மாதன் இல்லை. என் பேர்...

என் பேர்.

தேடினான். கீழே ஒரு வீடு. முறிந்த கட்டில். கொள்ளு வாசனை. அந்த வீட்டில் ஒருத்தி ஏதோ ஒரு பேர் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவாள். இல்லை, பேர் சொல்லமாட்டாள். வேறு யார்? யாராவது. ஒரே ஒருவர்.

"மாதா!"

"வந்துட்டேன்."

அவன் வாய் திறக்கவில்லை. ஆனாலும் குரல் அங்கிருந்துதான் வந்தது.

கண்ணாயி அப்போதுதான் அழுதாள். குனிந்து, ஈரக் கல்லின்மேல் நெற்றியை வைத்து, கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். அவளுடைய மூச்சின் சூடு அவனுக்குத் தெரிந்தது. கடைசியாகத் தெரிந்தது அதுதான். எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துக் குழியைப் பார்த்தாள். ராமாயியைப் பார்த்தாள்.

மூட்டத்துக்குள், கீழே பாதையில், யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. தொப். தொப். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு கைத்தடியின் டக். நல்ல கனமான பூட்ஸ்.

ராமாயி தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பொன்னனின் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.